மூன்றாம் முறை கேட்கும் உரிமை

முதலாமாண்டு வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்ற மாணவி, தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அடுத்த வாரம், கண்ணாடி எடுத்து வரவில்லை என்றாள். அதற்கடுத்த முறை பக்கத்தில் இருந்தவள் தானாகவே எழுந்து அவளுக்குப் பதிலாக வாசித்துவிட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பாடம் நடத்துகிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

மாலையில் துறை அறையில் அவளை உட்காரவைத்துக் குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் நின்றாள். மெய்யெழுத்து இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஊகித்தாள். ஊகம் பாதி நேரம் சரியாகவும் இருந்தது, அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுகள் தப்பித்திருக்கிறாள். தேர்வில் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். பத்துப் பதினைந்து விடைகளைப் பார்த்துப் பார்த்து எழுதி, கை பழகியதும் அப்படியே இறக்கிவைத்துவிட்டு வருவாளாம். கோலம் போடுகிற மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழுக்கு 48 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். “எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ் மேடம். பத்தாவதுக்கு மெட்டீரியல் குடுத்தாங்க” என்றாள். குரலில் குறையே இல்லை. பேருந்து எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இவளை மந்தமானவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாட்டியிடம் கேட்ட ஒப்பாரியை முக்கால் மணி நேரம் விடாமல் பாடுவாள். நேற்று நடத்திய பாடத்தை இன்று கேட்டால், நான் விட்டுவிட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்வாள். அவளுக்கு ஆறு வயதில் யாரோ ஒருவர் இன்னும் மூன்று மாதம் எழுத்து சொல்லித் தந்திருந்தால் போதும். அந்த மூன்று மாதத்தைக் கொடுக்காமல் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெரியம்மா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். 1990களின் தொடக்கத்தில் ஏழாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டாள். அப்போது ஆல் பாஸ் கிடையாது. அந்த ஆண்டுதான் அக்கா வயதுக்கு வந்திருந்தாள். குச்சுக்குள் பதினாறு நாள், சடங்குக்கு முன்னும் பின்னுமாகச் சில நாள் என்று மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அந்த மூன்று வாரத்தில் பின்னம் நடத்தி முடித்துவிட்டார்கள். திரும்பிப் போனபோது தசமம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னம் தெரியாதவளுக்குத் தசமம் எப்படிப் புரியும்? தவறினாள். மறு ஆண்டும் அதே ஏழாம் வகுப்பு, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு அதே பெஞ்சு. வளர்ந்த பெண் பொடிசுகளோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. ஆடி முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். பதினாறு வயதில் கல்யாணம். இன்றைக்கு மகளிர் குழுவின் வட்டிக் கணக்கும், மூன்று மாட்டின் பால் கணக்கும், குத்தகை நெல்லில் ஐந்தில் இரண்டு பங்கும் அக்கா வாயிலேயே போடுவாள். பின்னம் அவளுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத்தான் அது வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

நிறுத்திவைத்து ஒருத்தியைத் தொலைத்தோம், தள்ளிவிட்டு இன்னொருத்தியைத் தொலைத்தோம். ஆல் பாஸ் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் சண்டையில் இந்த இருவரில் யாருக்கும் இடமில்லை.

ஆல் பாஸ்தான் படிப்பைக் கெடுத்தது என்பவர்களை முதலில் பார்ப்போம். எங்கள் ஆசிரியர் அறையிலும் இவர்கள்தான் பெரும்பான்மை. “எங்க காலத்துல பெயில் போடுவாங்க, அந்தப் பயத்துல படிச்சோம்” என்பார்கள். பயத்தில் படித்து மேலே வந்தவர்கள்தான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பயத்தில் நின்றுபோனவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஓர் ஆண் பிள்ளை தவறினால் டியூஷன் பேசுவார்கள், இரண்டு அடி போடுவார்கள், மறுபடி அனுப்புவார்கள். பெண் பிள்ளை தவறினால், வீட்டில் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு முடிவுக்குப் பள்ளியே முத்திரை குத்திக் கொடுத்ததாக ஆகிவிடும். படிப்பு ஏறவில்லை, போதும். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 18 வயதாகும் முன்பே மணமாகியிருந்தது என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. ‘பெயில்’ என்ற சொல் இந்த வீடுகளில் என்ன வேலை செய்யும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்தபோது நானும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க விதி கொண்டுவந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடர்கிறது. மகிழ்ச்சி. ஆனால் கையெழுத்துப் போட்ட நாங்கள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டோம். ஆல் பாஸைக் காப்பாற்றியதோடு சமூகநீதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். என் கோபத்தில் பாதி எங்கள் பக்கத்தின் மேல்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எல்லோருக்கும் தெரியும்: தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தக் கூடாது. 2009இல் இயற்றி, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் கணித்து, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது அது. நிறுத்தாதே என்றும் சொன்னது, சொல்லிக்கொடு என்றும் சொன்னது. முதலாவதற்கு ஒரு கையெழுத்துப் போதும், பைசா செலவில்லை. இரண்டாவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். எது நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பின்னர் 2019இல் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தவர்களும், நடக்காத 24ஐ நடத்திக்காட்ட வழி பார்க்காமல் 16இல் கை வைத்தார்கள்.

பெண்ணின் படிப்பை எண்ணிக்கையால் அளப்பதில் நமக்குப் பழைய பழக்கம் உண்டு. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பல பெண்களைப் பள்ளியில் தக்கவைத்தது, அதை நான் மறுக்கவில்லை. பின்னாளில் அதற்குப் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று தகுதி வைத்தார்கள். பள்ளிக்கு நேரடியாகப் போனவளாக இருந்தால் தேர்ச்சியோ தோல்வியோ, இரண்டும் சரி. பத்தாவது வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளா என்று கேட்டார்கள், உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை. 2022இல் அத்திட்டம் ‘புதுமைப் பெண்’ ஆக மாறி, கல்யாணச் செலவுக்கு மாறாகக் கல்லூரிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. என் வகுப்பில் அதை வாங்கும் பெண்கள் நிறைய. தொண்டை கட்டிய பெண்ணும் வாங்குகிறாள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உலா இலக்கியத்தில் பெண்ணை ஏழு பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரை பேதை, எட்டிலிருந்து பதினொன்று வரை பெதும்பை, பிறகு மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, நாற்பதில் பேரிளம்பெண். பேதை என்றால் ஒன்றும் அறியாதவள். அவள் எதையாவது அறிந்துகொண்டாளா என்று எந்தப் புலவரும் கேட்கமாட்டார், வயது வந்ததும் அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார். நம் முதல் ஆல் பாஸ் அதுதான். (நாற்பதைத் தாண்டிய எனக்கு அந்தப் பட்டியலில் வகுப்பே இல்லை என்பது ஒரு நிம்மதி.)

அதே மரபில் வேறொன்றும் இருக்கிறது. நன்னூலின் பொதுப் பாயிரத்தில், ஒரு நூலை இரண்டு முறை கேட்டால் பிழை பெரும்பாலும் இருக்காது, மூன்று முறை கேட்டால் முறை அறிந்து எடுத்துச்சொல்லலாம் என்று வருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் மீதி அரை என்ற கணக்கும் அங்கே உண்டு. ஒரு தடவையில் புரியாதவனை மந்தம் என்று தள்ளவில்லை, மூன்று தடவை கேட்பதை முறையாகவே வைத்திருக்கிறார் பவணந்தி. திண்ணைப் பள்ளியிலும் ஆண்டுக்கணக்கில் வகுப்பு மாறும் வழக்கமில்லை. மணலில் எழுத்துப் பழகி முடித்தவன் ஓலைக்குப் போனான், ஆத்திசூடி வந்தவன் அடுத்ததற்குப் போனான். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்டார்கள், தலித் பிள்ளையை ஏற்றவில்லை, பெண்ணையும் மிகப் பெரும்பாலும் ஏற்றவில்லை. நன்னூல் சொல்வதும் கேட்போனுக்குத்தான், கேட்போளுக்கு அல்ல. அவனுக்கு மூன்று முறை கொடுத்தார்கள். அவள் உள்ளே வருவதற்குள் காலம் மாறி, பாடம் ஒரே முறைதான் என்றாகிவிட்டது.

அமெரிக்காவில் ஜான் கரோல் 1963இலும், பெஞ்சமின் புளூம் 1968இலும் சொன்னதன் சாரம் எளிமையானது. இன்றைய பள்ளியில் எல்லோருக்கும் ஒரே காலம், அதனால் கற்றது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இதைப் புரட்டுங்கள். எல்லோரும் கற்க வேண்டும் என்பதை மாறாததாக வைத்துக்கொண்டு, காலத்தை ஆளுக்கேற்ப விடுங்கள். சிறு பகுதியாக நடத்துவது, சோதித்துப் பார்ப்பது, வராத பிள்ளைக்கு வேறு வழியில் மறுபடி நடத்துவது, வந்த பிறகே அடுத்த பகுதி. தேர்ச்சி என்ற சொல்லுக்குத் தமிழில் உண்மையான பொருள் இதுதான், தேர்ந்திருத்தல். 100க்கு 35 வாங்கினால் தேர்ச்சி என்று அச்சடித்து, மீதி 65 தெரியாததைப் பாராட்டி இனிப்பு கொடுக்கும் நாட்டில் சொல்லின் பொருளே மாறிவிட்டது.

இது வெளிநாட்டுச் சரக்கு, இங்கே எடுபடாது என்று சொல்ல முடியாதபடி இங்கேயே நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான முறையை அடியொற்றியது. பிறகு தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் அட்டைகள். பிள்ளை தன் படி எது என்று தானே பார்த்து, தனக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லும். அப்போது பயிற்சி ஆசிரியைகளுக்குத் தமிழ் நடத்தப் போயிருந்த பள்ளி ஒன்றில் நான் பார்த்த காட்சி இது. பத்து நாளாக வராத ஒரு சிறுமி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவள், உள்ளே வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏணியைப் பார்த்தாள், தான் நிறுத்திய அட்டையை எடுத்தாள், உட்கார்ந்தாள். விட்ட பாடம் அவளுக்காக அங்கேயே இருந்தது.

பெரியம்மா மகளுக்கு இப்படி ஒரு தட்டில் பின்னம் காத்திருந்திருக்கலாம் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். காத்திருக்காது. அந்த ஏணி நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. பெண் குழந்தைக்கு உண்மையில் நாள்கள் விட்டுப்போகத் தொடங்குவது அதன் பிறகுதான். மாதவிடாய், சடங்கு, கழிப்பறையில் தண்ணீர் இல்லாத நாள், அம்மா நூறு நாள் வேலைக்குப் போன நாள், பாட்டி படுத்துக்கொண்ட நாள். ஆறிலிருந்து எட்டுவரை அவளுடைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் வீட்டின் வரலாறு முழுக்கத் தெரியும். பாடம் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், இறங்கி ஏற வேண்டிய கட்டாயம் அவளுக்குத்தான் அதிகம். முழுமையாகக் கற்ற பிறகே அடுத்தது என்கிற பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது, பெண் குழந்தைக்கோ அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

ஏணி கீழேயும் தேய்ந்தது. அட்டைகள் கிழிந்தன, பாடநூல் திரும்ப வந்தது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று பெற்றோர் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பு, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில், எல்லோரையும் பார்க்க இரண்டு பெண்கள். தொடக்கப் பள்ளி பெண்களின் தலையில் ஓடுகிறது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆசிரியையின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம், பிள்ளைமேல் அக்கறை உள்ளவள் வீட்டுக்கும் வேலையைத் தூக்கிப்போவாள் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. தாய்மையை ஊதியமில்லாமல் வாடகைக்கு எடுப்பது இது. கொரோனாவுக்குப் பிறகு வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள், மாதம் 1000 ரூபாய். விட்டுப்போன படிப்பை மீட்டெடுக்கும் மிகக் கடினமான வேலைக்கு நாம் வைத்த விலை அது. அதுவும் மாலை ஐந்து மணிக்கு மேல். தண்ணீர் பிடிக்கிற, உலை வைக்கிற நேரம் எந்தப் பிள்ளைக்கு ஓய்வு நேரம் என்று திட்டம் போட்டவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்னர் ஐந்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். 2025இல் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் ‘திறன்’ வந்திருக்கிறது. கேட்பதற்கு இவைதான் சரியான திசை. ஆனால் ஆசிரியைகளோடு பேசிப்பாருங்கள். பிள்ளை எந்த நிலை என்று செயலியில் ஏற்றுவதிலேயே பாதி நாள் போகிறது, மறுபடி சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை என்கிறார்கள். அளந்துகொண்டே இருந்தால் பிள்ளை வளராது என்பது நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பெஞ்சு எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அந்தப் பெஞ்சில் எந்தத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரின் வரைபடம் கிடைக்கும். நிலைக்கேற்பக் குழு என்பது அந்தப் பெஞ்சுக்கு வைத்த புதுப் பெயராக ஆகிவிட்டால், பழைய பெயிலே மேல்.

ஆகவே நான் கேட்பது ஆல் பாஸை எடுக்கச் சொல்வது அல்ல. அவள் தன் வயதுத் தோழிகளோடு அடுத்த வகுப்புக்குப் போகட்டும், அந்த உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. அவளுடைய பின்னமும் அவளோடு கூடவே போகட்டும். ஏழாம் வகுப்பில் விட்ட பின்னத்தை எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ, பள்ளி நேரத்துக்குள், தனி மணி ஒதுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புரியும்வரை நடத்த வேண்டும். தமிழில் மேலே இருப்பவள் கணக்கில் கீழே இருக்கலாம், மறு மாதம் மாறலாம், எனவே நிரந்தரப் பெஞ்சு எதுவும் கூடாது. திரும்பத் தேர்வு எழுத எண்ணிக்கை வைக்கக் கூடாது. அந்த மணிக்கென்று தனி ஆசிரியர் வேண்டும், மதிப்பூதியமாக அல்லாமல் முழுச் சம்பளத்தில். அவளுடைய ஏட்டில் என்ன தெரியும், என்ன பாக்கி என்று, படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் வாசித்துக்காட்டினால் விளங்குகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஆல் பாஸ் முடிந்ததும், பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றுவதற்காக “டிசி வாங்கிக்கிட்டு தனியா எழுதிக்கோம்மா” என்று சொல்லி வடிகட்டுகிறார்களே, அதைக் குற்றமாக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் ஒன்றும் சொல்லிக்கொடுக்காதவர்கள் ஒன்பதாவது ஆண்டில் அவளைத் தோற்றவள் என்கிறார்கள்.

பணம் எங்கே என்பீர்கள். தோற்றவளை மறு ஆண்டும் அதே வகுப்பில் உட்காரவைக்கவும் பணம்தான் செலவாகிறது, ஒன்றும் தெரியாமல் பன்னிரண்டு ஆண்டுகள் உட்காரவைக்கவும் பணம்தான் செலவாகிறது.

கல்லூரிக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் துறையில் நான் விஷயத்தைச் சொன்னபோது, “டிகிரியை வாங்கிட்டுப் போகட்டும் மேடம், கல்யாணப் பத்திரிகைல போட்டுக்குவாங்க” என்றார் ஒருவர். சங்க இலக்கியம் நடத்த வந்தோம், உயிர்மெய் நடத்தவா என்று இன்னொருவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அவளுடைய ஒப்பாரியைக் கேட்காமல் இருந்திருந்தால். இப்போது செவ்வாயும் வியாழனும் கடைசி மணியில் நான்கு பேர் வருகிறார்கள். முதலில் அவள் மட்டும்தான். மற்ற மூன்று பேரும் வேறு துறைகளிலிருந்து, கதவுக்கு வெளியே இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தவர்கள். அவள் சொன்ன ஒப்பாரியை நான் எழுதிக் கொடுத்தேன், அதையே வாசிக்கப் பழகுகிறாள். சொல் முன்பே தெரியும் என்பதால் எழுத்தைப் பிடிப்பது எளிதாக இருக்கிறது. ‘கொ’ வந்துவிட்டது. ‘ஞை’ வந்தால் இன்னும் தடுமாறுகிறாள்.

போன வாரம் அவள் அம்மா தொலைபேசியில் பேசினார். இரண்டு நாளும் கடைசிப் பேருந்தில் வருகிறாளே, கல்லூரியில் ஏதாவது தப்பு செய்துவிட்டாளா என்ற பயம்.

“எம் பொண்ணு பெயில் ஆயிட்டாளா மேடம்? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, நாங்க வேற ஏற்பாடு பாத்துக்கிறோம்.”

“பெயிலெல்லாம் இல்லைங்கம்மா. கொஞ்சம் பாடம் பாக்கி இருக்கு. அதை முடிச்சுட்டு வர்றா.”

“எப்ப முடியும்?”

“முடியறப்ப முடியும்மா. பஸ்ஸுக்கு நான் பாத்துக்கிறேன்.”